பழைய கம்ப்யூட்டரைத் திங்கட்கிழமை அனுப்பாதீர்கள்

கேள்வி: வணக்கமுங்க. அவிநாசி பக்கம் நாங்க தையல் ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கிறோம். 22 மிசின் ஓடுது. ஆபீஸ் கணக்கு பூராவும் நான்தான் பார்க்கிறனுங்க. 2014-ல வாங்குன விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாயிருச்சுன்னு போன வாரம் விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினோம். கடைப் பையன் 32 ஜிபி பென்டிரைவுல நாலஞ்சு நடை போட்டு, "எல்லாம் ஏத்தியாச்சுங்க்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இப்பப் பார்த்தா டெஸ்க்டாப்புல இருந்த டிசி (டெலிவரி சலான்) எக்ஸெல் ஐகான் இருக்குது, திறக்க மாட்டேங்குது. சம்பள சாஃப்ட்வேர் திறக்குது, உள்ளே ஒரு ஆள் பேர்கூட இல்லை. டேலியில கம்பெனி பேரே வரலை. அவுட்லுக்ல பழைய மெயில் ஒண்ணும் காணோம். சாம்பிள் போட்டோ பாதிதான் இருக்குது. மீதி இருந்த பென்டிரைவைத் திறந்தா வெறும் ஷார்ட்கட்டா வருது. தமிழ்ல அடிச்சு வெச்சிருந்த லெட்டரெல்லாம் கிறுக்குன மாதிரி இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுது. பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஆபீஸ்லயேதான் இருக்குது, ஓடுது. வர்ற திங்கட்கிழமை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துட்டுப் போறாங்க. வீட்டுக்காரர் "போனது போச்சு, புதுசாப் போட்டுக்கலாம்"ங்கறார். என்ன செய்யட்டுங்க?

பதில்: கடைக்காரருக்கு இன்றைக்கே போன் செய்து, பழைய கம்ப்யூட்டரை எடுக்க இப்போது வர வேண்டாம், நாங்கள் சொல்லும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். மீதியை அதற்குப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் ஆறு குறைகளில் ஒன்றில்கூட ஃபைல் அழிந்துபோனதற்கான அறிகுறி இல்லை. எல்லாம் பழைய டிஸ்க்கில், நீங்கள் பார்க்காத ஏதோ ஓர் இடத்தில் இருக்கின்றன. இரண்டு, புது லேப்டாப்பிலேயேகூட இருக்கலாம். ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குப் போன கம்ப்யூட்டருக்கு நடக்கும் முதல் வேலை ஃபார்மட். அது நடந்துவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் சொன்னது நிஜமாகிவிடும்.

கடைப் பையனை ரொம்பத் திட்டவும் வேண்டாம். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவ் என்று மூன்று இடத்தை அள்ளினால் எல்லாம் வந்துவிடும் என்பது பலருடைய கணக்கு. அந்தக் காலத்துச் சாஃப்ட்வேர்களில் பல, தம் டேட்டாவை இந்த மூன்றுக்கும் வெளியேதான் வைத்திருக்கின்றன.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்பதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்தால் ஃபைல் கிடைக்கும். எந்த ஃபைல் எங்கே இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. ஓடும் கம்ப்யூட்டர் அதைச் சொல்லும். ஆகவே காப்பி எடுப்பதற்கு முன்னால் அதனிடம் விலாசம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது, இந்த வேலைக்கு நெட் தேவையும் இல்லை. அதில் புதிதாக எந்த சாஃப்ட்வேரும் ஏற்றாதீர்கள், "இடம் காலி பண்ணலாம்" என்று எதையும் அழிக்காதீர்கள்.

டிசியில் ஆரம்பிப்போம். புது லேப்டாப்பில் திறக்காத அந்த ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது எக்ஸெல் ஃபைலே அல்ல, ஃபைலுக்குப் போகும் ஷார்ட்கட். ஐந்து வருட டிசி ஃபைல் ஒன்றிரண்டு கேபியில் அடங்காது, ஷார்ட்கட் அடங்கும். பையன் டெஸ்க்டாப்பை ஒழுங்காகத்தான் காப்பி எடுத்திருக்கிறான், வந்தது விலாசச் சீட்டு மட்டும். அந்தச் சீட்டு இப்போதும் உதவும். ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் 'டார்கெட்' என்ற கட்டத்தில் ஃபைல் இருந்த முழு விலாசம் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் எக்ஸெல்லைத் திறந்து ரீசன்ட் பட்டியலைப் பார்த்தாலும் அதே தகவல் கிடைக்கும். பெயர்மேல் மவுஸை வைத்தால் பாதை தெரியும்.

ஐகானில் அம்புக்குறி இல்லாமல், சில ஃபைல்கள் டெஸ்க்டாப்பிலேயே தென்படாவிட்டால் காரணம் வேறு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டுத் தொடங்கும்போது மைக்ரோசாஃப்ட்டின் நெட் சேமிப்பிடமான ஒன்டிரைவின் பேக்கப் பெரும்பாலும் தானே இயங்கிவிடும். அப்படி இயங்கினால் டெஸ்க்டாப் என்பது ஒரே இடத்தில் இருக்காது. சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர் என்று போனால் அங்கே ஒரு டெஸ்க்டாப் ஃபோல்டர். அதே இடத்தில் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப். திரையில் தெரிவது இரண்டாவது. பையன் முதலாவதில் போட்டிருந்தால் ஃபைல் லேப்டாப்பிலேயே இருந்துகொண்டு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் திறந்து பாருங்கள். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் 'அட்மின்', 'யூசர்' என்று வேறு பெயர்கள் இருந்தால் அவற்றையும் திறந்து பாருங்கள். கடையில் ஒரு பெயரில் ஏற்றி, வீட்டுக்கு வந்து வேறு பெயரில் நுழைவது அடிக்கடி நடப்பது. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். ஆபீஸ் டேட்டா மொத்தத்தையும் அதில் தள்ளினால் பாதியில் நின்றுவிடும். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்கப்' போய் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் இப்போதைக்கு நிறுத்திவிடலாம். நிறுத்தியதும் திரை காலியானதுபோல் தெரிந்தால் பதறாதீர்கள். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சம்பள சாஃப்ட்வேர்தான். சனிக்கிழமை சாயந்திரம் 22 மிசினுக்கும் கூலி போட வேண்டிய இடத்தில் ஆள் பெயரே இல்லை என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்த டேட்டா எங்கே போயிற்று என்பதற்கு ஒரு விசித்திரமான பதில் உண்டு.

உள்ளூரில் எழுதிக் கொடுத்த பழைய சம்பள, பில்லிங் சாஃப்ட்வேர்கள் பல, தம் டேட்டா ஃபைலை சாஃப்ட்வேர் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது எம்.டி.பி என்று முடியும் ஆக்சஸ் ஃபைல். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அந்த ஃபோல்டரில் சாதாரண சாஃப்ட்வேர் எழுதுவதற்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்று சொன்னால் பழைய சாஃப்ட்வேர் நின்றுவிடும் என்பதால் விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது: எழுதுவதற்குச் சரி என்று சொல்லிவிட்டு, அந்த ஃபைலின் ஒரு நகலை வேறோர் இடத்தில் வைத்து அதில் எழுதுகிறது. சாஃப்ட்வேருக்கு இது தெரியவே தெரியாது. புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் அசல், 2014-ல் ஏற்றிய அன்றைக்கு இருந்தபடி காலியாக அப்படியே இருக்கும். பத்து வருடக் கூலிக் கணக்கு அந்த நகலில் இருக்கும். பையன் புரோகிராம் ஃபைல்ஸில் இருந்ததை எடுத்து வந்திருக்கிறான்; அதனால்தான் சாஃப்ட்வேர் திறக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

நகல் இருக்கும் இடம்: சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர், அதற்குள் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் சாஃப்ட்வேரின் பெயர். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர். விண்டோஸ் 7-ல் அதைப் பார்க்க, ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து இடது மேல்பக்கம் ஆர்கனைஸ், அதில் ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ், அதில் வியூ என்ற பக்கம் போய் 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கிடைக்கும் எம்.டி.பி ஃபைலின் தேதியைப் பாருங்கள். கடைசியாகச் சம்பளம் போட்ட சனிக்கிழமையின் தேதி இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார். அந்த சாஃப்ட்வேரை எப்போதாவது 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்திருந்தால் அந்த நேரத்தில் மட்டும் அசலில் எழுதியிருக்கும்; எனவே இரண்டு இடத்து ஃபைலையும் தனித்தனிப் பெயரில் எடுத்து வையுங்கள்.

புது லேப்டாப்பில் இதைத் திருப்பிப் போடும்போதும் அதே குழி காத்திருக்கிறது. சரியான எம்.டி.பி ஃபைலைப் புரோகிராம் ஃபைல்ஸில் போட்டுவிட்டு சாஃப்ட்வேரைத் திறந்தால் மறுபடியும் காலியாகவே வரும். நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டதால், லேப்டாப்பின் வர்ச்சுவல்ஸ்டோரில் ஒரு காலி நகல் உருவாகியிருக்கலாம். இரண்டும் இருந்தால் நகலுக்குத்தான் முதலிடம். அதனால் சாஃப்ட்வேரைப் புரோகிராம் ஃபைல்ஸில் வைக்காமல், சி டிரைவில் நேராக 'சம்பளம்' போன்ற ஆங்கிலத்தில் அடித்த ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் போட்டு அதில் ஏற்றச் சொல்லுங்கள். அங்கே இந்த நகல் விளையாட்டு நடக்காது. டேட்டா எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கும் எப்போதும் தெரியும்.

டேலி இதைவிட எளிது. பழைய கம்ப்யூட்டரில் டேலியைத் திறந்து, கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையைப் பாருங்கள். டேட்டா இருக்கும் பாதை அங்கேயே எழுதியிருக்கும். எழுதிக்கொண்டு டேலியை மூடிவிடுங்கள். திறந்திருக்கும்போது காப்பி எடுத்தால் பாதி எழுதிய வவுச்சர் மாட்டிக்கொண்டு காப்பியான டேட்டா கெட்டுப்போகலாம். அந்தப் பாதையில் போனால் 10000, 10001 என்று ஐந்து இலக்க எண்ணில் ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. எண்ணைப் பெயராக வைத்த ஃபோல்டரைப் பார்த்து, ஏதோ குப்பை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவை அடங்கிய டேட்டா ஃபோல்டரை முழுதாக எடுங்கள். லேப்டாப்பில் பாதை கொடுக்கும்போது ஐந்து இலக்க ஃபோல்டருக்கு உள்ளே போய் நிற்கக் கூடாது. அதற்கு ஒரு படி மேலே, டேட்டா ஃபோல்டரோடு நிறுத்த வேண்டும். உள்ளே போய்விட்டால் கம்பெனி பெயர் வரவே வராது.

பழையது டேலி இ.ஆர்.பி 9, புதியது டேலி பிரைம் 3.0 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் டேட்டாவை மைக்ரேட் செய்யச் சொல்லிக் கேட்கும். மைக்ரேட் ஆன டேட்டாவைப் பழைய டேலியில் திறக்க முடியாது. எனவே ஒரு நகலை வைத்துக்கொண்டு இன்னொரு நகலில் மட்டும் அதைச் செய்யுங்கள். இன்னொன்று, பலரும் மறப்பது: டேலி லைசென்ஸ் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது. பழைய கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன் அதில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். இதற்கு மட்டும் நெட் வயரைச் சற்று நேரம் மாட்டிக்கொள்ளலாம்.

அவுட்லுக் மெயில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் பென்டிரைவ்தான். 32 ஜிபி வரைக்குமான பென்டிரைவுகள் பொதுவாக ஃபேட் 32 என்ற முறையில் ஃபார்மட் ஆகி வருகின்றன. அதில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. அவுட்லுக் தன் எல்லா மெயிலையும் பி.எஸ்.டி என்று முடியும் ஒரே ஃபைலில் சேர்க்கிறது. பையர், மெர்ச்சன்டைசர் என்று பத்து வருடம் டெக்-பேக்கும் (ஆடை விவரத் தாள்) போட்டோவும் வந்த மெயில் 4 ஜிபியைச் சுலபமாகத் தாண்டியிருக்கும். காப்பி எடுக்கும்போது 'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று ஒரு பெட்டி வந்திருக்கும், ஸ்கிப் அழுத்தியிருப்பார்கள். காப்பி முடிந்தது என்றே காட்டும்.

பழைய கம்ப்யூட்டரின் அவுட்லுக்கில் அக்கவுன்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்று போனால் ஃபைலின் இடம் தெரியும். அவுட்லுக் 2007 வரை அது ஆப்டேட்டாவுக்குள் மறைந்திருக்கும். 2010 முதல் பொதுவாக டாக்குமென்ட்ஸில் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் காப்பி எடுக்க முடியும். லேப்டாப்பில் அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்தபடியே திறக்காமல் சி டிரைவுக்கு மாற்றிவிட்டுத் திறங்கள். விண்டோஸ் 11-உடன் தானாக வரும் புதிய அவுட்லுக் இதற்கு ஏற்றதல்ல; ஆபீஸோடு வரும் கிளாசிக் அவுட்லுக்கில் ஃபைல், ஓப்பன், அவுட்லுக் டேட்டா ஃபைல் என்று கொடுங்கள். உங்கள் மெயில், சர்வரிலேயே தங்கும் ஐமேப் முறையில் ஓடியிருந்தால் இவ்வளவும் வேண்டாம், பாஸ்வேர்ட் போட்டாலே சர்வரிலிருந்து எல்லாம் திரும்ப இறங்கும். மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறை என்றால் அந்த பி.எஸ்.டி ஒன்றுதான் கதி.

போட்டோவுக்கு இரண்டு இடம் பாருங்கள். விண்டோஸ் 7-ல் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்று இடப்பக்கம் தெரிவது ஒரு ஃபோல்டர் அல்ல, லைப்ரரி. உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரையும் யூசர்ஸ், பப்ளிக் என்பதில் உள்ள ஃபோல்டரையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். பார்க்க ஒன்று, வைத்திருப்பது இரண்டு. பப்ளிக் பிக்சர்ஸை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஷார்ட்கட்டாகத் தெரியும் பென்டிரைவில் வைரஸ் ஏறியிருக்கிறது. அந்த ஷார்ட்கட் எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள், செய்தால் லேப்டாப்புக்கும் பரவும். பென்டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். 9 ஜிபி பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டினால் போட்டோ உள்ளே பத்திரமாக இருக்கிறது, மறைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் முதலில் ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' என்பதோடு, 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் டிக்கையும் எடுங்கள். மங்கலான நிறத்தில் ஃபோல்டர்கள் வரும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் வைரஸ் தள்ளியிருக்கும். ஃபோல்டரை அப்படியே எடுக்காமல், உள்ளே போய் போட்டோக்களை மட்டும் தேர்ந்தெடுத்து லேப்டாப்பில் ஒரு புது ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். வேலை முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

தமிழ் லெட்டர்கள் காணாமல் போகவில்லை, எழுத்துருதான் வரவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைலில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம். அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது பாமினி. பழைய கம்ப்யூட்டரில் சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் போய் அந்த எழுத்துருவைக் காப்பி எடுத்து, லேப்டாப்பில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் லெட்டர்கள் பழையபடி வந்துவிடும். நாளைக்கு வேறு கம்ப்யூட்டரிலும் இதே கதைதான் என்பதால், தேவையான லெட்டர்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், என்.எச்.எம் கன்வர்ட்டர் அதற்குப் போதும். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நம் ஆபீஸ்கள் பலவற்றில் பாமினி இன்னும் குடியிருக்கிறது. தேடும்போதும் இது உதைக்கும்: யூனிகோடில் 'காண்ட்ராக்டர்' என்று அடித்துத் தேடினால் பாமினியில் எழுதிய லெட்டர் அகப்படாது.

இனி காப்பி எடுக்கும் வேலை. பென்டிரைவை மூட்டை கட்டி வைத்துவிட்டு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். அது என்.டி.எஃப்.எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தால் 4 ஜிபி தடை இல்லை. பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம் நீல நிற யூஎஸ்பி துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். கறுப்புத் துளையில் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் போகும், 100 ஜிபிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். கம்ப்யூட்டர் இடையில் தூங்கிவிடாதபடி பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள். யூபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியோடு நிற்கும்.

உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரை ஒரே வீச்சில் இழுக்காதீர்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், ஆப்டேட்டா என ஒவ்வொன்றாக எடுங்கள். பிறகு பப்ளிக், டி டிரைவ், டேலி டேட்டா, சம்பள சாஃப்ட்வேரின் ஃபோல்டர், ஃபான்ட்ஸ். சி டிரைவில் வெளியே கிடக்கும் பெயர் தெரியாத ஃபோல்டர்களையும் விடாதீர்கள். ஸ்கேனர், ஜிஎஸ்டி ஆஃப்லைன் டூல் போன்றவை அங்கே தம் ஃபைலை வைப்பதுண்டு. ஆப்டேட்டாவில் 'அப்ளிகேஷன் டேட்டா', 'ஹிஸ்டரி' போன்ற சில பெயர்களுக்கு அனுமதி இல்லை என்று வரும். அவை வேறு ஃபோல்டருக்குப் போகும் கதவுகள், உள்ளே சரக்கு இல்லை. அவற்றை மட்டும் ஸ்கிப் செய்யலாம். வேறு எதற்காவது ஸ்கிப் கேட்டால் அந்தப் பெயரை நோட்டில் எழுதாமல் பொத்தானை அழுத்தாதீர்கள். 'எல்லாவற்றுக்கும் இப்படியே செய்' என்ற டிக்கை மறந்தும் போடாதீர்கள். உங்கள் மெயில் அந்த வழியாகத்தான் கோட்டை விடப்பட்டது.

பெயர் நீளமாக இருக்கிறது என்று சில ஃபைல்கள் அடம்பிடிக்கும். டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் முடிய 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய விதி. தமிழில் பெயர் வைத்தால் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். 'நூல்' நமக்கு இரண்டெழுத்து, கம்ப்யூட்டருக்கு ந, ஊகாரக் குறி, ல, புள்ளி என நான்கு. மேலே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரை ஒன்றிரண்டு எழுத்தாகச் சுருக்கிவிட்டு மறுபடி காப்பி கொடுத்தால் போய்விடும்.

ஒவ்வொரு ஃபோல்டரும் முடிந்ததும் இரண்டு பக்கமும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர், எத்தனை பைட் என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 'சைஸ்' என்ற வரியைப் பாருங்கள்; 'சைஸ் ஆன் டிஸ்க்' டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், அது ஒத்துவராது. டாக்குமென்ட்ஸில் 8,412 ஃபைல் இங்கே இருந்து அங்கே 8,409 என்றால் மூன்று ஃபைல் எவை என்று தெரியாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். சரக்கை எண்ணாமல் டிசியில் கையெழுத்துப் போடுவீர்களா?

எல்லாம் லேப்டாப்புக்கு வந்த பிறகும் ஏதாவது ஒரு ஃபைல் கண்ணில் படாவிட்டால் விண்டோஸின் சொந்தத் தேடலை மட்டும் நம்பாதீர்கள். அது தன் அட்டவணையில் சேர்த்த இடங்களைத்தான் வேகமாகத் தேடும். 'எவ்ரிதிங்' என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க்கின் ஃபைல் பட்டியலை நேரடியாகப் படித்து, பெயரில் பாதி தெரிந்தாலும் நொடியில் காட்டிவிடும். பெயரே நினைவில்லை என்றால் எக்ஸெல் ஃபைல்களை மட்டும் வரவழைத்து 'டேட் மாடிஃபைட்' வரிசைப்படி அடுக்குங்கள். காப்பி எடுத்தாலும் அந்தத் தேதி மாறாது. 'டேட் கிரியேட்டட்' காப்பி எடுத்த நாளாக மாறிவிடும், அதைப் பார்த்தால் குழப்பம்தான்.

பழைய கம்ப்யூட்டரிலேயே அழித்த ஃபைல் ஏதாவது வேண்டுமா? 2014-ல் வாங்கியது என்பதால் உள்ளே இருப்பது அநேகமாகச் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதில் அழித்த ஃபைல், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீளக்கூடியது. ரெக்குவா, ஃபோட்டோரெக் போன்றவற்றை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து ஓட்டி, கிடைப்பதையும் அங்கேயே சேமிக்க வேண்டும். லேப்டாப்பில் உள்ள எஸ்எஸ்டி அப்படி அல்ல. அழித்த சற்று நேரத்தில் அந்த இடத்தைத் தானே துடைத்துவிடும். லேப்டாப்பில் இப்போது 'டூப்ளிகேட்' என்று எதையும் அழிக்காதீர்கள் என்பது அதனால்தான்.

இவ்வளவுக்கும் அகப்படாத கணக்கு ஏதாவது இருந்தால் வெளியேயும் கேட்கலாம். வருடா வருடம் ஆடிட்டர் ஆபீசுக்கு டேலி பேக்கப் கொடுத்திருப்பீர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போர்ட்டலில் இருக்கிறது. பிஎஃப், இஎஸ்ஐ கட்டியிருந்தால் மாதவாரியாக ஆள் பெயரும் சம்பளமும் அந்தந்த போர்ட்டலில் கிடைக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கை, வருடாந்திர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் 'புதுசாப் போட்டுக்கலாம்' என்பது டிசி விஷயத்தில் செல்லாது. வீட்டுக்காரரிடம் இதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் நான்கு ஸ்க்ரூ, இரண்டு வயர், ஐந்து நிமிட வேலை. பத்து வயது டிஸ்க்குக்காகக் கடைக்காரர் குறைக்கும் தொகை பெரிதாக இருக்காது. உங்கள் பையர் மெயிலும் ஆட்களின் ஆதார் நகலும் ஊர் சுற்றாமல் இருக்கும். தேதி எழுதி ஒட்டி, எக்ஸ்டர்னல் டிஸ்க் இருக்கும் அதே பீரோவில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். பின்னால் ஒருநாள் அதைத் திறக்க வேண்டி வந்தால் சாட்டா யூஎஸ்பி வயர் வாங்கும்போது 12 வோல்ட் அடாப்டரோடு கேட்டு வாங்குங்கள். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க், லேப்டாப் யூஎஸ்பி கரண்டில் சுழலாது. மாட்டியதும் உங்கள் பெயர் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ் 0 பைட் என்று காட்டும். காலி என்று நினைத்து ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள். அது வேறு கம்ப்யூட்டரின் யூசர் என்பதால் பூட்டியிருக்கிறது; ஃபோல்டரை டபுள் கிளிக் செய்து, அனுமதி கேட்கும் பெட்டியில் 'கன்டினியூ' அழுத்திச் சில நிமிடம் காத்திருந்தால் உள்ளே இருப்பது தெரியும்.